அனுமதி வழங்கும் ஃபங்ஷனே ஓட்டையானால்: செக்யூரிட்டி டிஃபைனரும் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷனும்

#1 மூன்றாம்_அட்டவணை

போஸ்ட்கிரெஸ் 14 டேட்டாபேஸ். ரிப்போர்ட் எடுப்பவர்களுக்கு அவ்வப்போது ஏதாவது ஓர் அட்டவணையைப் படிக்கும் அனுமதி தேவைப்படும். ஒவ்வொன்றுக்கும் டேட்டாபேஸ் நிர்வாகியான டிபிஏவைத் தேடாமல் டீம் லீடுகளே கொடுத்துக்கொள்ளும்படி ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. மொழி பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல், ஓனர் போஸ்ட்கிரெஸ் சூப்பர்யூசர், வகை செக்யூரிட்டி டிஃபைனர், அதாவது யார் அழைத்தாலும் ஓனரின் அனுமதியில் ஓடும். இரண்டு டெக்ஸ்ட் ஆர்க்யூமெண்ட்கள். உள்ளே வேலை செய்வது ஒரே வரி:

எக்ஸிக்யூட் 'கிராண்ட் செலக்ட் ஆன் ' || அட்டவணை || ' டு ' || யாருக்கு;

கோட் ரிவ்யூவில் இதை இன்ஜெக்ஷன் (வெளியிலிருந்து வரும் எழுத்து கட்டளையாகவே ஓடிவிடுவது) என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதற்கு வெப் பக்கமே கிடையாது, டேட்டாபேஸில் லாகின் உள்ளவர்கள் மட்டும்தான் அழைக்க முடியும். அப்படியும் இது பெரிய விஷயமா? இரண்டு இடத்திலும் பெயரை மேற்கோளுக்குள் வைக்கும் கோட்_ஐடென்ட் போட்டால் போதுமா?

#2 ஒற்றைமேற்கோள்

பெரிய விஷயம்தான். வெப் ஃபார்மில் வரும் இன்ஜெக்ஷனைவிட இது மோசம், ஏனென்றால் இங்கே நேராகச் சூப்பர்யூசரே கைக்கு வருகிறார். யாருக்கு என்ற ஆர்க்யூமெண்ட்டில் இப்படி அனுப்பிப் பாருங்கள்:

நிருபர்; ஆல்டர் ரோல் நிருபர் சூப்பர்யூசர்

எக்ஸிக்யூட் ஒரே ஸ்டிரிங்கில் அரைப்புள்ளியால் பிரிந்த பல ஸ்டேட்மெண்ட்களை வாங்கி வரிசையாக ஓட்டும். எல்லாமே ஃபங்ஷனின் ஓனர் பெயரில் ஓடும். அவர் சூப்பர்யூசர் என்பதால் காபி ... டு புரோகிராம் வழியே சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டம் வரை போகலாம்.

லாகின் உள்ளவர்கள் மட்டும் என்ற நம்பிக்கையையும் ஒருமுறை சோதியுங்கள். போஸ்ட்கிரெஸில் புதிதாக உருவாகும் எந்த ஃபங்ஷனுக்கும் எக்ஸிக்யூட் அனுமதி தானாகவே பப்ளிக்குக்கு, அதாவது எல்லா ரோலுக்கும் (கணக்குக்கும்), போகிறது. நீங்கள் ரிவோக் செய்யவில்லை என்றால் டீம் லீட் மட்டுமல்ல, ஃபங்ஷன் இருக்கும் ஸ்கீமாவுக்கு (பொருள்களைப் பிரித்து வைக்கும் பெயர்த்தொகுதி) யூசேஜ் உள்ள எல்லா ரோலும் அழைக்கலாம். அந்த ரோல்களில் வெப் ஆப்பின் ரோலும் ஒன்று. ஆப்பில் எங்கோ இருக்கும், படிக்க மட்டுமே முடிகிற சின்ன இன்ஜெக்ஷன் ஓட்டை இந்த ஃபங்ஷனோடு சேர்ந்தால் முழு சர்வரும் போய்விடும்.

கோட்_ஐடென்ட் பற்றி. மதிப்பைக் கட்டளையிலிருந்து தனியாக அனுப்பும் பைண்ட் பாராமீட்டர் இங்கே உதவாது. யூசிங் வழியே தரும் மதிப்புகள் செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட் மாதிரியானவற்றில் தரவு நிற்கும் இடத்தில் மட்டுமே பொருந்தும். அட்டவணைப் பெயர், ரோல் பெயர், கிராண்ட் போன்ற யூடிலிட்டி கட்டளை எதிலும் செல்லாது. ஆகவே மேற்கோளிட்டு கோட் செய்துதான் ஆக வேண்டும், ஆனால் கோட்_ஐடென்ட்டில் இரண்டு வில்லங்கம் இருக்கிறது.

ஒன்று, விற்பனை.ஆர்டர் என்று ஸ்கீமாவோடு வந்தால் புள்ளியையும் உள்ளே வைத்து ஒரே பெயராக்கிவிடும். அப்படி ஓர் அட்டவணை இல்லை என்று எரர் வரும். உடனே யாராவது புள்ளியில் பிரித்து, சேர்த்து என்று கைவேலை ஆரம்பிப்பார்கள். பழைய ஓட்டை வேறு வடிவில் திரும்ப வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இரண்டாவது பலருக்குத் தெரியாதது. போஸ்ட்கிரெஸின் பார்சர் கிராண்ட் பெறுபவர் இருக்கும் இடத்தில் பப்ளிக் என்ற பெயரைத் தனியாகக் கவனிக்கிறது. அது கீவேர்ட் அல்ல, எழுத்துகளை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. இரட்டை மேற்கோளுக்குள் சிறிய எழுத்தில் கொடுத்தாலும் அதைப் பப்ளிக் என்றே எடுத்துக்கொள்ளும். மேற்கோள் பக்காவாக இருக்கும், அட்டவணை எல்லோருக்கும் திறந்திருக்கும்.

டெக்ஸ்டை விட்டுவிட்டு ஆர்க்யூமெண்ட் வகைகளை மாற்றுங்கள். அட்டவணைக்கு ரெக்கிளாஸ், ரோலுக்கு ரெக்ரோல் (9.5 முதல் உண்டு). அழைக்கும்போதே பெயர் ஓஐடியாக (உள் அடையாள எண்) மாறிவிடும், இல்லாத பெயர் அங்கேயே எரர். திரும்ப எழுத்தாக மாறும்போது தேவையான மேற்கோளும் ஸ்கீமாப் பெயரும் தானாகச் சேர்ந்து வரும். பப்ளிக் என்பது ரோல் அல்ல என்பதால் ரெக்ரோல் அதை ஏற்காது. எனவே:

எக்ஸிக்யூட் ஃபார்மேட்('கிராண்ட் செலக்ட் ஆன் %எஸ் டு %எஸ்', அட்டவணை, யாருக்கு);

இங்கே %ஐ போடக் கூடாது, %எஸ்தான். ஏற்கெனவே மேற்கோளோடு வரும் பெயரை %ஐ இன்னொரு முறை சுற்றிவிடும். ஆர்க்யூமெண்ட் டெக்ஸ்டாக இருந்தால் %எஸ் ஆபத்து, ரெக்கிளாஸாக இருந்தால் அதுவே சரி. ரிவ்யூ செய்பவர் %எஸ்ஸைப் பார்த்துப் பதறாமல் இருக்க ஒரு கமெண்ட் எழுதிவையுங்கள்.

வெறும் எண்ணைக் கொடுத்தால் ரெக்ரோல் அதை ஓஐடி என்று நம்பிவிடும், அப்படி ஒரு ரோல் இருக்கிறதா என்று பார்க்காது. கடைசியில் கிராண்ட்டில் அந்த எண்ணே வந்து நின்று சின்டாக்ஸ் எரர் ஆகும். அதனால் கெடுதல் எதுவும் இல்லை.

#3 சுருக்குவழி

இவ்வளவு எதற்கு? ஆப் லேயரில் ஒயிட்லிஸ்ட் வைத்து, எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும் அனுமதித்தால் முடிந்தது. எஸ்க்யூஎல்லைத் தானே எழுதித் தரும் ஓஆர்எம் நூலகம் பயன்படுத்தினால் இந்தக் கேள்வியே வராது.

#4 ஒற்றைமேற்கோள்

ஓஆர்எம் தரவுக்குத்தான் பைண்ட் செய்யும். கிராண்ட் எழுதும் ஓஆர்எம் இருந்தாலும் அடியில் அதுவும் ஸ்டிரிங்தான் ஒட்டுகிறது. ஆப்பில் வைக்கும் ஒயிட்லிஸ்ட் நல்லதுதான், ஆனால் இந்த ஃபங்ஷனை ஆப் வழியாக மட்டும்தான் அழைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸின் கமாண்ட்லைன் கருவி) திறந்து நேராக அழைப்பவருக்கு உங்கள் ரெகெக்ஸ் கண்ணிலேயே படாது. அனுமதி எந்த இடத்தில் உயர்கிறதோ சோதனையும் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இங்கே அது ஃபங்ஷனின் முதல் வரி.

கிளையண்ட் பக்கம் எஸ்கேப் செய்தால் தீர்ந்தது என்பதற்கும் சமீபத்தில் ஓர் அடி விழுந்தது. சிவிஇ-2025-1094 (சிவிஇ என்பது வெளியான ஓட்டைகளுக்கான பொதுப் பதிவெண்). போஸ்ட்கிரெஸின் கிளையண்ட் நூலகமான லிப்பிக்யூவின் பிக்யூஎஸ்கேப்லிட்டரல், பிக்யூஎஸ்கேப்ஐடென்டிஃபையர் முதலானவை என்கோடிங் கெட்டுப்போன பைட்களைச் சரியாகக் கையாளவில்லை. அந்த வெளியீட்டை பிஎஸ்க்யூஎல்லுக்கு ஊட்டினால் மேற்கோள் உடைந்து உள்ளே நுழைய முடிந்தது. 2025 பிப்ரவரி 13 அன்று 17.3, 16.7, 15.11, 14.16, 13.19 பதிப்புகளில் அடைத்தார்கள். அந்தத் திருத்தத்திலேயே ஒரு பின்னடைவு இருந்ததால் அடுத்த வாரமே 17.4ம் அதன் கூட்டாளிகளும் வந்தன. 14.16ல் நிற்பவர்கள் 14.17க்காவது போய்விடுங்கள்.

#5 மூன்றாம்_அட்டவணை

ரெக்கிளாஸ், ரெக்ரோல் இரண்டும் மாற்றியாயிற்று. பப்ளிக்கிடமிருந்து எக்ஸிக்யூட்டையும் பிடுங்கியாயிற்று. சர்ச் பாத் செட் பண்ணச் சொல்கிறார்கள். ஃபங்ஷனுக்குள் இருப்பது ஒரு ஒப்பீடும் மேலே உள்ள ஒரு வரியும்தான். அதற்கும் வேண்டுமா?

#6 வேர்க்கணக்கு

வேண்டும், அந்த "ஒரு ஒப்பீடு" இருப்பதால்தான் வேண்டும்.

செக்யூரிட்டி டிஃபைனர் என்றால் ஓனரின் அனுமதியோடு ஓடும். ஆனால் சர்ச் பாத் அழைப்பவருடையது. ஃபங்ஷனுக்குள் ஸ்கீமா போடாமல் எழுதிய ஒவ்வொரு பெயரும் அழைப்பவர் சொல்லும் வரிசையில்தான் தேடப்படும். ஸ்டிரிங் ஒட்டாமலேயே நடக்கும் இன்ஜெக்ஷன் இது. கோடு அப்படியேதான் இருக்கும், அதில் உள்ள பெயர் குறிக்கும் பொருள்தான் மாறிப்போகும்.

எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். ஃபங்ஷனுக்குள் அனுமதிப்பட்டியல் என்ற அட்டவணையைப் பார்த்து, பெயர் இருந்தால் மட்டும் கிராண்ட் செய்கிறீர்கள் என்று வையுங்கள். அழைப்பவர் அதே பெயரில் ஒரு டெம்ப்ரரி அட்டவணை உருவாக்கி, தனக்கு வேண்டியதை அதில் எழுதிவிட்டு ஃபங்ஷனை அழைக்கிறார். அட்டவணைகளைத் தேடும்போது டெம்ப்ரரி பொருள்களின் ஸ்கீமாவான பிஜி_டெம்ப் எல்லாவற்றுக்கும் முன்னால், உள்ளமைந்தவற்றின் ஸ்கீமாவான பிஜி_கேட்டலாகுக்கும் முன்னால், சொல்லாமலேயே பார்க்கப்படுகிறது. உங்கள் சோதனை அவருடைய பட்டியலைப் படித்து "சரி" என்று சொல்லிவிடும். 2007ல் சிவிஇ-2007-2138 என்று வந்தது இந்த வழிதான். அப்போது செய்த திருத்தம், பிஜி_டெம்ப்பை நாமே எழுதிக் கடைசியில் தள்ளலாம் என்பது. ஆகவே சர்ச் பாத் செட் செய்துவிட்டு பிஜி_டெம்ப்பை அதில் எழுதாமல் விட்டால் அது மறுபடி முதலிடத்துக்கு வந்துவிடும். இந்தத் தவறு மிகச் சாதாரணம்.

ஃபங்ஷன்களையும் ஆபரேட்டர்களையும் பிஜி_டெம்ப்பில் தேடவே மாட்டார்கள், ஆனால் பப்ளிக் ஸ்கீமாவில் தேடுவார்கள். பிஜி_கேட்டலாக்தான் முதலில் வருகிறதே என்று கேட்கலாம். வகைகள் அச்சுப்பிசகாமல் ஒத்துப்போகும்போது மட்டுமே அந்த முன்னுரிமைக்கு வேலை. லோவர் என்ற உள்ளமைந்த ஃபங்ஷன் டெக்ஸ்ட் வாங்குவது. உங்கள் காலம் (நெடுவரிசை) வார்கேர் வகை என்றால், யாராவது பப்ளிக்கில் வார்கேர் வாங்கும் லோவர் ஒன்றை உருவாக்கி வைத்தால் அதுவே நெருங்கிய பொருத்தம், அதுதான் ஓடும், உங்கள் அனுமதியோடு. 2018 மார்ச் 1 அன்று 10.3, 9.6.8 முதலியவற்றோடு வந்த சிவிஇ-2018-1058 சொன்னது இதைத்தான். அது பேட்ச் போட்டு முழுக்கத் தீரும் வகையே அல்ல, டிஃபால்ட் அமைப்பே அப்படி இருந்தது. 15ஆம் பதிப்பில்தான் புதிய டேட்டாபேஸ்களில் பப்ளிக் ஸ்கீமாவில் கிரியேட் அனுமதியை எடுத்தார்கள். பழைய கிளஸ்டரை அப்கிரேட் செய்தாலோ டம்பிலிருந்து ரீஸ்டோர் செய்தாலோ பழைய அனுமதி அப்படியே கூட வரும். "நாங்கள் 16க்கு வந்துவிட்டோம்" என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், பிஎஸ்க்யூஎல்லில் ஸ்கீமாவின் அனுமதிப் பட்டியலான ஏசிஎல்லைப் பாருங்கள்.

ஃபங்ஷன் வரையறையிலேயே சேர்க்க வேண்டியது:

செட் சர்ச்_பாத் = பிஜி_கேட்டலாக், பிஜி_டெம்ப்

அவ்வளவுதான். உங்கள் சொந்த அட்டவணைகளை முழுப் பெயரில் எழுதுங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பாதையில் உங்கள் ஸ்கீமா இல்லாததால் ரெக்கிளாஸ் எழுத்தாக மாறும்போது கட்டாயம் ஸ்கீமாப் பெயரோடு வரும், கிராண்ட் வேறு அட்டவணைக்குப் போக வழியில்லை. ஃபங்ஷன் உடம்புக்குள் செட் கட்டளையாகப் போடுவதைவிட வரையறையில் போடுவது மேல். முடிந்ததும் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். 8.3 முதலே இந்த வசதி உண்டு.

அந்த ஒப்பீட்டில் கரண்ட்_யூசர் இருக்கிறதா? இருந்தால் அதுவும் வீண். செக்யூரிட்டி டிஃபைனருக்குள் கரண்ட்_யூசர் என்பது ஓனர். எப்போதும் போஸ்ட்கிரெஸ் என்றே சொல்லும், சோதனை எப்போதும் பாஸ் ஆகும். செஷன்_யூசர் வேண்டும். அதுவும் கனெக்ஷன் பூலர் வழியே எல்லோரும் ஒரே ரோலில் நுழைந்தால் யார் கேட்டார் என்று டேட்டாபேஸுக்குத் தெரியவே தெரியாது.

#7 மூன்றாம்_அட்டவணை

கரண்ட்_யூசர்தான் இருக்கிறது. 😐

#8 கர்சர்_காவலன்

ஆரக்கிள் பக்கத்திலிருந்து கொஞ்சம். அங்கே டிஃபால்ட்டே தலைகீழ். போஸ்ட்கிரெஸில் கேட்டால்தான் டிஃபைனர். ஆரக்கிளில் ஆத்ஐடி (யார் உரிமையில் ஓடுவது என்ற குறிப்பு) பற்றி எதுவும் எழுதாவிட்டால் புரொசீஜர் டிஃபைனர் உரிமையில் ஓடும். எல்லா உரிமையும் உள்ள எஸ்ஒய்எஸ் கணக்கு ஓனராக உள்ள பேக்கேஜ்களில் ஸ்டிரிங் ஒட்டிய இடங்கள் 2000களில் வரிசையாக வெளிவந்தன, காலாண்டுக்கு ஒருமுறை பேட்ச் என்ற வழக்கமே 2005 ஜனவரியில் அந்தப் பின்னணியில்தான் தொடங்கியது.

அந்தத் தாக்குதலின் அமைப்பைப் புரிந்துகொண்டால் ஏன் "வெறும் செலக்ட்டுக்குள்தானே ஒட்டுகிறேன்" என்ற வாதம் நிற்காது என்பது விளங்கும். ஆரக்கிளில் எக்ஸிக்யூட் இமீடியட் ஒரு நேரத்தில் ஒரே எஸ்க்யூஎல் ஸ்டேட்மெண்ட்டைத்தான் வாங்கும், அரைப்புள்ளி வித்தை செல்லாது. ஆகவே தாக்குபவர் தன் ஸ்கீமாவில் ஒரு ஃபங்ஷன் எழுதுவார், ஆத்ஐடி கரண்ட்_யூசர் என்று. அதன் பெயரை மட்டும் குவெரியின் நிபந்தனையான வேர் பகுதிக்குள் நுழைப்பார். ஓட்டை உள்ள பேக்கேஜ் அந்தக் குவெரியை ஓட்டும்போது அவர் ஃபங்ஷன் பேக்கேஜ் ஓனரின் உரிமையில் ஓடும். உள்ளே கிராண்ட் டிபிஏ. குவெரிக்குள் டிடிஎல் (அமைப்பையோ அனுமதியையோ மாற்றும் கட்டளை) கூடாது என்று ஓஆர்ஏ-14552 வந்து தடுக்கும். பிராக்மா அட்டானமஸ்_டிரான்சாக்ஷன் ஒரு வரி சேர்த்தால் அந்தத் தடையும் போய்விடும்.

12.1ல் இன்ஹெரிட் பிரிவிலேஜஸ் வந்தது. அதிக உரிமை உள்ளவர் மற்றவரின் இன்வோக்கர் உரிமைக் கோடைத் தெரியாமல் ஓட்டிவிடாமல் காக்கத்தான். ஆனால் ஒவ்வொரு புதிய யூசருக்கும் அது பப்ளிக்குக்குத் தானாக கிராண்ட் ஆகிறது, பழைய அப்ளிகேஷன்கள் உடையக் கூடாது என்று. டிபிஏ கணக்குகளுக்காவது நீங்களே ரிவோக் செய்யாவிட்டால் அந்த வசதி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

உள்ளீட்டைச் சோதிக்கும் டிபிஎம்எஸ்_அசர்ட் பேக்கேஜைப் பயன்படுத்துங்கள், 10ஜி ரிலீஸ் 2 முதல் உண்டு. சிம்பிள்_எஸ்க்யூஎல்_நேம் பெயரின் வடிவத்தை மட்டும் சோதிக்கும், அப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்க்காது. எஸ்க்யூஎல்_ஆப்ஜெக்ட்_நேம் இருப்பையும் பார்க்கும். நூப் என்று ஒன்று உண்டு, அது வந்ததை அப்படியே திருப்பித் தரும். அதையும் "அசர்ட் போட்டாயிற்று" என்று கணக்கு காட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

தேதியும் எண்ணும் பாதுகாப்பானவை என்ற எண்ணமும் ஆரக்கிளில் தப்பு. டேட் வகை மாறியை ஸ்டிரிங்கோடு ஒட்டினால் அது என்எல்எஸ்_டேட்_ஃபார்மேட் படி எழுத்தாகும். அந்த ஃபார்மேட் அழைப்பவரின் செஷனுக்குச் சொந்தம், அதற்குள் தன் இஷ்டப்படி எழுத்துகளையும் மேற்கோளையும் வைத்துவிடலாம். ஆர்க்யூமெண்ட்டே வாங்காத, இன்றைய தேதியான சிஸ்டேட்டை மட்டும் ஒட்டும் புரொசீஜர்கூட இப்படி விழும். 2008ல் லேட்டரல் இன்ஜெக்ஷன் என்ற பெயரில் இது வெளிவந்தது. டு_கேரில் ஃபார்மேட்டை நீங்களே எழுதுங்கள், அல்லது பைண்ட் செய்யுங்கள்.

#9 பின்வாசல்

மைஎஸ்க்யூஎல்லில் தாக்குபவர் ஃபங்ஷனை அழைக்கவே வேண்டாம். பெயரை வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும்.

மைஎஸ்க்யூஎல்லை பிரவுசரில் நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மின் எடுத்துக்கொள்ளுங்கள். 2020ல் அடுத்தடுத்து இரண்டு ஓட்டைகள். சிவிஇ-2020-5504: யூசர் அக்கவுண்ட்ஸ் பக்கத்தில், தன் யூசர்நேம் போக வேண்டிய இடத்தில் எஸ்க்யூஎல்லை நுழைக்கலாம். அதற்கு ஒரு செல்லுபடியாகும் மைஎஸ்க்யூஎல் கணக்கு வேண்டும். 4.9.4, 5.0.1ல் சரியானது. சிவிஇ-2020-10804: அடுத்த 4.9.5, 5.0.2ல் சரியானது. இதுதான் சுவாரசியம். சர்வரில் அணுக்கம் உள்ள ஒருவர் மேற்கோள் குறி எல்லாம் வைத்து ஒரு பெயரில் யூசரை உருவாக்குகிறார். பிறகு நிர்வாகி அந்தக் கணக்கின் பிரிவிலேஜை மாற்றவோ பாஸ்வேர்டை மாற்றவோ போகும்போது, பெயர் டேட்டாபேஸிலிருந்து படிக்கப்பட்டு, அப்படியே இன்னொரு குவெரிக்குள் ஒட்டப்படுகிறது. ஓடுவது நிர்வாகியின் செஷனில்.

"நம் டேட்டாபேஸிலிருந்து வந்ததுதானே" என்பதால் யாரும் கோட் செய்வதில்லை. ரோல் பெயர், அட்டவணைப் பெயர், ஹோஸ்ட் பெயர் எல்லாமே யாரோ ஒருவர் தட்டச்சு செய்ததுதான். மைஎஸ்க்யூஎல்லில் யூசர்நேம் 32 எழுத்து வரை, அட்டவணைப் பெயர் 64 வரை போகலாம். மேற்கோளுக்குள் கொடுத்தால் மேற்கோள் குறியே பெயரில் இருக்கலாம். அதற்குள் எவ்வளவோ எழுதலாம்.

பிரிப்பேர் வழியே ஓட்டினால் ஒரே ஸ்டேட்மெண்ட்தான் ஓடும், ஆகவே பயமில்லை என்பார்கள். அரைப்புள்ளிக்குப் பின் எதுவும் ஓடாது, உண்மை. ஆனால் முதல் ஸ்டேட்மெண்ட்டின் வால் நீளலாம். டு என்பதற்குப் பின் ஒரு காற்புள்ளி வைத்து இன்னொரு யூசர், கடைசியில் வித் கிராண்ட் ஆப்ஷன், மீதியை விழுங்க ஒரு கமெண்ட் குறி. இதற்கு இரண்டாவது ஸ்டேட்மெண்ட் எதற்கு?

மதிப்புகளுக்கு கோட் ஃபங்ஷன் இருக்கிறது, பெயர்களுக்கு எஸ்ஒய்எஸ் ஸ்கீமாவில் கோட்_ஐடென்டிஃபையர் இருக்கிறது (5.7 முதல்). ஆனால் கோட் செய்த பிறகும் ஒன்று மிஞ்சும். டேட்டாபேஸ் அளவில் கிராண்ட் செய்யும்போது பெயரில் உள்ள அடிக்கோடும் சதவீதக் குறியும் வைல்டுகார்டு. ஆப்_1 என்பதற்கு அனுமதி கொடுத்தால் ஆப்X1 மாதிரி நடுவில் எந்த ஓர் எழுத்து இருந்தாலும் அந்த டேட்டாபேஸுக்கும் அனுமதி போய்விடும். பேக்டிக் போட்டாலும் போகும். அடிக்கோட்டுக்கு முன்னால் பின்சாய்வு வேண்டும். 8.0.16ல் வந்த பார்ஷியல்_ரிவோக்ஸ் ஆன் செய்திருந்தால் மட்டும் அவை வெறும் எழுத்தாக எடுக்கப்படும். ஒரே சர்வரில் வாடிக்கையாளருக்கு ஒரு டேட்டாபேஸ் என்று வைத்திருப்பவர்கள் இன்றே ஷோ கிராண்ட்ஸ் பார்க்கலாம்.

#10 சுருக்குவழி

சரி, கோட் செய்வது கட்டாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதெல்லாம் நாம் எழுதும் கோடின் குறை. டேட்டாபேஸ் இன்ஜினின் ஓட்டை என்று சொல்வது நியாயமா?

#11 வேர்க்கணக்கு

இன்ஜினும் இதே தப்பைச் செய்திருக்கிறது. சிவிஇ-2023-39417 பாருங்கள்.

போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷன் ஸ்கிரிப்ட்டில் @எக்ஸ்ட்ஸ்கீமா@, @எக்ஸ்ட்ஓனர்@ என்று எழுதினால் கிரியேட் எக்ஸ்டென்ஷன் நேரத்தில் இன்ஜின் அதை உண்மையான பெயரால் மாற்றும். அது வெறும் எழுத்து மாற்று. ஸ்கிரிப்ட் எழுதியவர் அதை ஒற்றை மேற்கோளுக்குள்ளோ இரட்டை மேற்கோளுக்குள்ளோ டாலர் மேற்கோளுக்குள்ளோ வைத்திருந்தால், ஸ்கீமாவின் பெயரிலேயே மேற்கோளை வைத்து வெளியே வந்துவிடலாம். டிரஸ்டட் எக்ஸ்டென்ஷன் என்றால் டேட்டாபேஸில் கிரியேட் அனுமதி உள்ள சாதாரண ரோலே நிறுவலாம், ஆனால் ஸ்கிரிப்ட் ஓடுவது பூட்ஸ்டிராப் சூப்பர்யூசராக. பெயர் வைக்கும் உரிமை ஒருவரிடம், ஓட்டும் உரிமை இன்னொருவரிடம். பின்வாசல் சொன்ன யூசர்நேம் கதையின் அச்சு அசல்.

2023 ஆகஸ்ட் 10 அன்று 15.4, 14.9, 13.12, 12.16, 11.21ல் அடைத்தார்கள். எப்படி என்பதுதான் பாடம்: ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனையும் திருத்தச் சொல்லவில்லை. மாற்றப்போகும் பெயரில் மேற்கோள், டாலர், பின்சாய்வு ஏதாவது இருந்தால் இன்ஜினே எரர் கொடுத்து நிறுத்துகிறது. போஸ்ட்கிரெஸோடு வரும் எக்ஸ்டென்ஷன்கள் எதிலும் அந்தக் குறை இல்லை, வெளியிலிருந்து நிறுவியவற்றில்தான் இருக்கலாம்.

இதன் உறவுக்கார வகை ஒன்றும் உண்டு. ஆட்டோவேக்யூம், ரீஇண்டெக்ஸ் போன்ற பராமரிப்பு வேலைகள் சூப்பர்யூசர் அழைத்தாலும் அட்டவணை ஓனராக மாறி, கட்டுப்பாட்டோடு ஓட வேண்டும். இண்டெக்ஸ் எக்ஸ்பிரஷனில் யாரோ எழுதிய ஃபங்ஷன் இருக்கலாமே. அந்தக் கூண்டிலிருந்து தப்பும் வழிகள் சிவிஇ-2020-25695லும் சிவிஇ-2022-1552லும் வந்தன. 17ல் பராமரிப்பு வேலைகளின்போது சர்ச் பாத்தையே பாதுகாப்பான ஒன்றாக மாற்றிவிடுகிறார்கள். அதனால் இண்டெக்ஸ் எக்ஸ்பிரஷனில் ஸ்கீமா போடாமல் எழுதிய சொந்த ஃபங்ஷன்கள் 17க்குப் போனதும் உடையும், அதற்குத் தயாராக இருங்கள்.

#12 சதுர_அடைப்பு

எஸ்க்யூஎல் சர்வர்காரர்களுக்கு இரண்டு வரி. பெயரை அடைப்புக்குள் வைக்கும் கோட்நேம் 128 எழுத்துக்கு மேல் உள்ளதை வாங்கினால் நல் (வெற்று மதிப்பு) திருப்பித் தரும். ஸ்டிரிங்கோடு ஒட்டினால் முழுக் கட்டளையும் நல் ஆகும், எரர் இல்லாமல் எதுவும் ஓடாது. ரிவோக் கட்டளை இப்படிச் சத்தமில்லாமல் போனால் யாருக்கும் தெரியாது. மறுபுறம், அதன் வெளியீடு 258 எழுத்து வரை வளரலாம், அதை என்வார்கேர் 128ல் பிடித்தால் மூடும் அடைப்பு வெட்டுப்பட்டுப் போகும்.

ஸ்டிரிங்காக ஒட்டி ஓட்டும் டைனமிக் எஸ்க்யூஎல் ஓனர்ஷிப் செயினை (ஓனர் ஒருவரே என்றால் தனி அனுமதி கேட்காத வழக்கம்) அறுத்துவிடும். அனுமதி இல்லை என்று எரர் வரும், உடனே எக்ஸிக்யூட் ஆஸ் ஓனர் போடுவார்கள். டேட்டாபேஸ் ஓனர் முழு அதிகாரக் கணக்கான எஸ்ஏ, டிரஸ்ட்வொர்த்தி ஆன் என்றால் டிபி_ஓனர் ரோலில் உள்ள எவரும் சிஸ்அட்மின் ஆகலாம். சர்டிஃபிகேட் உருவாக்கி புரொசீஜரைச் சைன் செய்து, அந்த சர்டிஃபிகேட் யூசருக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுங்கள். கோடை மாற்றினால் கையொப்பம் விழுந்துவிடும், அது தொல்லை அல்ல, நல்லதுதான்.

#13 மூன்றாம்_அட்டவணை

நன்றி. கரண்ட்_யூசர், சர்ச் பாத் இரண்டும் திருத்தியாயிற்று. ஓனர் சூப்பர்யூசராக இருப்பதை மாற்றலாமா? இதேபோல் வேறு ஃபங்ஷன்கள் எத்தனை இருக்கின்றன என்று மொத்தமாகப் பார்க்க வழி இருக்கிறதா?

#14 ஒற்றைமேற்கோள்

ஓனரை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய லாபம். கிராண்ட் செய்ய அட்டவணையின் ஓனராகவோ கிராண்ட் ஆப்ஷன் உள்ளவராகவோ இருந்தால் போதும். நோலாகின் ரோல் ஒன்று உருவாக்கி, ரிப்போர்ட் அட்டவணைகளின் செலக்ட்டை மட்டும் கிராண்ட் ஆப்ஷனோடு அதற்குக் கொடுத்து, ஃபங்ஷனை அதன் பெயருக்கு மாற்றுங்கள். நாளை இன்னோர் ஓட்டை கண்டுபிடித்தாலும் அந்த அட்டவணைகளுக்கு மேல் எதுவும் போகாது. கிரியேட்ரோல் அட்ரிபியூட் மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். 15 வரை அது ஏறக்குறைய சூப்பர்யூசர்தான், பிஜி_எக்ஸிக்யூட்_சர்வர்_புரோகிராம் ரோலைத் தனக்கே கொடுத்துக்கொள்ளலாம். 16ல்தான் அட்மின் ஆப்ஷன் உள்ள ரோல்களோடு நிறுத்தினார்கள்.

தேடுவதற்கு ஃபங்ஷன்களின் பட்டியலான பிஜி_புராக். புரோசெக்டெஃப் ட்ரூ என்பவற்றை எடுங்கள். அதில் புரோகான்ஃபிக் நல் என்றால் சர்ச் பாத் செட் செய்யவில்லை. புரோஏசிஎல் நல் என்றால் "யாருக்கும் அனுமதி இல்லை" என்று நினைத்துவிடாதீர்கள், டிஃபால்ட் அப்படியே இருக்கிறது, அதாவது பப்ளிக் அழைக்கலாம். இந்த இரண்டும் நல், ஓனர் சூப்பர்யூசர், ஃபங்ஷனின் கோடு இருக்கும் புரோஎஸ்ஆர்சியில் எக்ஸிக்யூட் என்ற சொல். நான்கும் சேர்ந்த வரிகளை முதலில் பாருங்கள்.

திருத்தியது திருத்தியபடி நிற்காது, அதுதான் வம்பு. கிரியேட் ஆர் ரீப்ளேஸ் ஓனரையும் அனுமதிகளையும் வைத்துக்கொள்ளும், மற்ற எல்லாவற்றையும் புதிய கட்டளைப்படி மாற்றும். செட் சர்ச்_பாத் வரியில்லாத பழைய ஃபைலை யாராவது ஓட்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், ஒரு வார்னிங்கூட வராது. டிராப் செய்து கிரியேட் செய்தால் நேர் எதிர்: செட் வரி இருக்கும், ஆனால் எக்ஸிக்யூட் மறுபடி பப்ளிக்குக்குப் போயிருக்கும். மைக்ரேஷன் ஃபைலில் கிரியேட், ரிவோக், கிராண்ட் மூன்றையும் ஒரே டிரான்சாக்ஷனில் வையுங்கள். நடுவில் ஒரு நொடிகூடத் திறந்திருக்காது.

ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ் போட்டு ஒரேயடியாகத் தடுக்கலாம் என்று இன் ஸ்கீமாவோடு எழுதுவார்கள். அது வேலை செய்யாது. ஸ்கீமா அளவிலான டிஃபால்ட்கள் பொது டிஃபால்ட்டோடு கூட்டப்படுபவை, அதிலிருந்து கழிக்க முடியாது. இன் ஸ்கீமா இல்லாமல், ஃபங்ஷன் உருவாக்கும் ஒவ்வொரு ரோலுக்கும் தனித்தனியே எழுத வேண்டும்.

#15 பின்வாசல்

ஓனர் மாற்றுவதற்கு முன்னால் இன்னொன்றை யோசியுங்கள்: இந்த ஃபங்ஷன் வேண்டுமா? ரிப்போர்ட்_வாசகர் என்று ஒரு குரூப் ரோல், அட்டவணைகளின் செலக்ட் அதற்கு ஒருமுறை. டீம் லீடுகளுக்கு அந்த ரோலை வித் அட்மின் ஆப்ஷன். அவர்கள் கிராண்ட் ரிப்போர்ட்_வாசகர் டு இன்னார் என்று தாங்களே எழுதுவார்கள். டைனமிக் எஸ்க்யூஎல்லும் இல்லை, டிஃபைனரும் இல்லை. அட்டவணைகளை மூன்று நான்கு குழுவாகப் பிரிக்க முடிந்தால் உங்கள் தேவைக்கு இதுவே போதும். ஒவ்வொரு அட்டவணைக்கும் தனித்தனி முடிவு என்றால் மட்டும் ஃபங்ஷன்.

#16 மூன்றாம்_அட்டவணை

குழுவாகப் பிரித்தால் பெரும்பாலானவை அடங்கிவிடும். சில அட்டவணைகளுக்கு மட்டும் ஃபங்ஷன் மிஞ்சும். கடைசியாக ஒன்று: லாக்_ஸ்டேட்மெண்ட் டிடிஎல் என்று வைத்திருக்கிறோம். இதுவரை இந்த ஃபங்ஷன் வழியே யார் யாருக்கு என்ன போனது என்று லாகில் தேடினால் எதுவும் வரவில்லை.

#17 வேர்க்கணக்கு

வராது. லாக்_ஸ்டேட்மெண்ட் கிளையண்ட் அனுப்பிய ஸ்டேட்மெண்ட்டை மட்டும்தான் எழுதும். கிளையண்ட் அனுப்பியது செலக்ட், உள்ளே ஓடிய கிராண்ட் அதன் கண்ணில் படாது. பிஜிஆடிட் எக்ஸ்டென்ஷனை நிறுவி பிஜிஆடிட்.லாக் மதிப்பில் ரோல் சேருங்கள், ஃபங்ஷனுக்குள் ஓடும் கிராண்ட், ரிவோக்கும் பதிவாகும். ஷேர்டு_பிரீலோட்_லைப்ரரிஸில் சேர்க்க வேண்டும், ஆகவே ரீஸ்டார்ட் ஒன்று தேவைப்படும்.

பழையதற்கு லாக் இல்லை என்றால் இப்போதிருக்கும் நிலையைத்தான் பார்க்க முடியும். பிஜி_கிளாஸில் ரெல்ஏசிஎல்லை ஏசிஎல்எக்ஸ்ப்ளோட் மூலம் விரித்து, கிராண்டீ பூஜ்யம் உள்ள வரிகளைத் தேடுங்கள், அவை பப்ளிக்குக்குப் போனவை. பிஜி_ரோல்ஸில் ரோல்சூப்பர், ரோல்கிரியேட்ரோல் ட்ரூவாக உள்ளவற்றையும், பிஜி_ஆத்_மெம்பர்ஸில் பிஜி_ என்று தொடங்கும் ரோல்களின் உறுப்பினர்களையும் எடுங்கள். அந்த மூன்று பட்டியலில் எதிலாவது எதிர்பாராத பெயர் இருந்தால் ஃபங்ஷனைத் திருத்துவதை அப்படியே விட்டுவிட்டு அதை முதலில் கவனியுங்கள்.